மொட்டை மாடியில் ஐ.ஐ.டி.!

செஞ்சிக்கு வருகிறவர்கள் கோட்டையைப் பார்ப்பார்கள். ராஜகிரி அடிவாரத்தில் ஒரு இளநீர் குடிப்பார்கள். 'அப்பாடா, என்ன வெயில்!' என்று பஸ் ஏறிவிடுவார்கள். கதை தெரிந்தவர்களாக இருந்தால் தேசிங்குராஜனின் குதிரையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுவார்கள். தெரியாதவர்கள் செல்ஃபி எடுத்துக் கொள்வார்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதில் தமிழ்நாட்டுக் கோட்டை இது ஒன்றுதான். அதிலிருந்து எங்கள் பக்கத்து ஆட்களின் நடையிலேயே ஒரு மிடுக்கு!

ஆனால் கோட்டை பார்க்க வந்த யாரும் அவலூர்பேட்டைக்கு வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

வந்தால் என்ன பார்க்கலாம்? குன்றின் மேல் சித்தகிரி முருகன் இருக்கிறார். மூட்டை மூட்டையாக நெல்லும் மல்லாட்டையும் வந்து இறங்கும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடம் இருக்கிறது (மல்லாட்டை என்றால் வேர்க்கடலை, சென்னைவாசிகள் கவனிக்க). அந்தக் கூடத்தின் பெயரை முழுசாகச் சொல்ல யாருக்கும் பொறுமை கிடையாது. 'கமிட்டி' என்றால் போதும். பக்கத்தில் மேல்மலையனூர். அமாவாசை ராத்திரி அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவத்துக்குத் தமிழ்நாடே திரண்டு வருகிற மாதிரி பஸ்கள் வரும். திருவண்ணாமலையில் 'அவலூர்பேட்டை ரோடு' என்று ஒரு ரோடே இருக்கிறது. அது எந்த ஊருக்குப் போகிறது என்று மட்டும் யாரும் யோசிப்பதில்லை. எங்க ஊருக்குத்தான் சார்!

இப்பேர்ப்பட்ட ஊரில் 2021-லிருந்து ஒரு ஐ.ஐ.டி. நடந்து கொண்டிருக்கிறது. எங்கே என்கிறீர்களா? எங்கள் வீட்டு மொட்டை மாடியில். தண்ணீர்த் தொட்டிக்கும் துணி உலர்த்தும் கொடிக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதுதான் வகுப்பறை, லைப்ரரி, ஹாஸ்டல் எல்லாம். மொத்த மாணவர்கள்: ஒன்று. அடியேன்தான்.

சிரிக்காதீர்கள், விஷயம் நிஜம். சென்னை ஐ.ஐ.டி. 2020 ஜூன் 30-ம் தேதி, ஊரடங்கின் நட்ட நடுவில், புரோகிராமிங் - டேட்டா சயின்ஸில் ஆன்லைன் பி.எஸ்ஸி. பட்டப்படிப்பை அறிவித்தது. 2022-ல் அதையே நான்கு வருஷ பி.எஸ். பட்டமாக நீட்டினார்கள். பிளஸ் டூ பாஸ் செய்திருக்க வேண்டும். பத்தாவதில் கணக்கும் இங்கிலீஷும் படித்திருக்க வேண்டும். அவ்வளவுதான். வயசு வரம்பு கிடையாது. ஜே.இ.இ. கிடையாது. விண்ணப்பித்தால் முதலில் நான்கு வாரம் பாடம் நடத்துகிறார்கள். பிறகு அந்தப் பாடத்திலேயே பரீட்சை. தேறினால் உள்ளே. 'உனக்கு என்ன தெரியும்?' என்று கேட்டு வாசலில் நிறுத்துகிற ஊரில், 'சொல்லிக் கொடுத்தால் பிடித்துக் கொள்வாயா, பார்க்கலாம்' என்று ஒரு வாசல்.

உள்ளே போனால் நாலு கட்டம். ஃபவுண்டேஷன், டிப்ளமோ, பி.எஸ்ஸி., பி.எஸ். டவுன் பஸ் மாதிரி எந்த ஸ்டாப்பிலும் இறங்கிக் கொள்ளலாம். இறங்கின இடத்துக்கு உண்டான சான்றிதழைக் கையில் கொடுத்து விடுவார்கள்.

திருவண்ணாமலையில் ஒரு தனியார் ஆபீசில் கணக்கு எழுதுகிற பி.காம். பட்டதாரி நான். காலையில் எட்டே காலுக்கு பஸ், சாயங்காலம் ஆறரைக்குத் திரும்பினால் டீ, அப்புறம் செல்போன். இந்த வட்டத்திலேயே அறுபது வயசு வரை சுற்றி வந்திருப்பேன். அறிவிப்பைப் பார்த்ததும், 'ஐ.ஐ.டி. நம்மைத் தேடி வருதுன்னா கதவையா சாத்துறது?' என்று விண்ணப்பம் போட்டேன்.

அப்பா கேட்டார்: "வீட்ல ஒக்காந்துகினு எப்பிட்றா காலேஜ் படிப்ப?"

நியாயமான கேள்வி. ஆனால் பழைய கேள்வி!

இங்கிலாந்தில் ஐசக் பிட்மன் என்று ஒரு வாத்தியார். 1840-ல் அங்கே ஒரு பென்னி தபால் தலை ஒட்டினால் நாட்டில் எந்த மூலைக்கும் கடிதம் போகும் என்று ஆனவுடன், மனுஷர் சுருக்கெழுத்துப் பாடத்தைத் தபாலிலேயே அனுப்ப ஆரம்பித்தார். மாணவர்கள் எழுதித் திருப்பி அனுப்புவார்கள். இவர் திருத்தி அனுப்புவார். நம்ம ஊர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் ஷார்ட்ஹேண்ட் ஹையர் பாஸ் பண்ணி சர்க்கார் வேலைக்குப் போன பெரியவர்கள் அத்தனை பேரும் அந்தத் தபால் வாத்தியாரின் கொள்ளுப்பேரச் சிஷ்யர்கள்தான். 1858-ல் லண்டன் பல்கலைக்கழகம், எங்கே உட்கார்ந்து படித்தாலும் பரவாயில்லை, பரீட்சை எழுதினால் பட்டம் என்றது. நம் நாட்டில் 1962-ல் டெல்லி பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியை ஆரம்பித்தது. தமிழ்நாட்டில் 1971-ல் மதுரை, 1979-ல் அண்ணாமலை, 1981-ல் சென்னை. 1985-ல் இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகமே வந்து விட்டது.

உங்கள் ஆபீஸ் சூப்பரின்டென்டென்டைக் கேட்டுப் பாருங்கள். 'கரஸ்'ஸில் எம்.ஏ. வாங்கின கதையைச் சொல்வார். எங்கள் சித்தப்பாவும் வாங்கினார். பழுப்பு நிறக் கவரில் புத்தகக் கட்டு வரும். அப்படியே பரண் மேல் ஏறும். பரீட்சைக்குப் பத்து நாள் முன்னால் இறங்கும். கட்டைப் பிரிக்காமலே பாஸ் ஆனவர்களும் உண்டு என்பார் சித்தப்பா. தன்னைச் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்வார்!

வீடியோ பாடமும் புதிதல்ல. 2003-ல் ஆரம்பித்த என்.பி.டி.இ.எல். திட்டத்தில் ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் தங்கள் வகுப்புகளைப் படம் பிடித்து, யார் வேண்டுமானாலும் பாருங்கள் என்று இலவசமாக விட்டார்கள். 2014-லிருந்து அதற்குப் பரீட்சையும் சான்றிதழும் வந்தன. ஆக, வாத்தியாரைப் பெட்டிக்குள் பார்ப்பது பழகிப் போன சமாசாரம். ஐ.ஐ.டி. என்ற முத்திரையோடு முழுப் பட்டமும் அந்தப் பெட்டி வழியாகவே வரும் என்பதுதான் புதுசு.

முதல் பாடங்களில் ஒன்று 'கம்ப்யூட்டேஷனல் திங்கிங்'. பெயரைக் கேட்டதும் வயிற்றைக் கலக்கியது. வீடியோவைத் திறந்தால் இரண்டு பேராசிரியர்கள் மேஜை முன்னால் உட்கார்ந்து சீட்டு ஆடிக் கொண்டிருக்கிறார்கள்! மாதவன் முகுந்தும் ஜி. வெங்கடேஷும். கையில் இருப்பது ரம்மிச் சீட்டு அல்ல. கடை பில்கள், மார்க் ஷீட்டுகள், ஒரு பத்தியிலிருந்து உருவிய வார்த்தைகள். ஒவ்வொன்றும் ஒரு அட்டையில். ஒரு அட்டையை எடு, பார், இந்தப் பக்கம் வை. அடுத்ததை எடு. இதுவரை பார்த்ததிலேயே பெரிய தொகை எது? அதை மட்டும் ஞாபகம் வை. கட்டு தீர்ந்ததும் ஞாபகத்தில் மிச்சமிருப்பதுதான் விடை. கம்ப்யூட்டரும் இதைத்தான் செய்கிறது. என்ன, அதற்குக் கொட்டாவி வராது!

எனக்குச் சட்டென்று ஒரு யோசனை. வீட்டுக் குதிரில் அப்பா பத்து வருஷத்துக் கமிட்டிச் சீட்டுகளைக் கட்டி வைத்திருந்தார். தேதி, எத்தனை மூட்டை, என்ன விலை எல்லாம் அதில் இருக்கும். கட்டை எடுத்து வந்து மாடியில் பரப்பினேன். எந்த மாசம் மல்லாட்டைக்கு அதிக விலை? ஒரு சீட்டை எடு, பார், வை...

அப்பா படியேறி வந்து கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார்.

"இன்னாடா பண்ற?"

"ஐ.ஐ.டி. பாடம்ப்பா. இருக்கிறதிலயே பெரிய விலையைக் கண்டுபிடிக்கணும்."

"இதுக்கு எதுக்குடா ஐ.ஐ.டி.? கமிட்டியில ஏலச் சீட்டைப் பிரிக்கிற ஆளு தெனமும் அதத்தான பண்றாரு!"

வாஸ்தவம். விற்பனைக் கூடத்தில் வியாபாரிகள் ஒவ்வொரு குவியலுக்கும் தங்கள் விலையை மறைவாக எழுதிப் போடுவார்கள். ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து, அதிகம் கேட்டவருக்குச் சரக்கு. பேராசிரியர் அட்டையைப் புரட்டிச் சொன்னதும் கமிட்டியில் நடப்பதும் ஒரே வேலைதான். அப்பாவுக்கு அன்றிலிருந்து என் படிப்பின் மேல் ஒரு மரியாதை. அதாவது, ஐ.ஐ.டி.யும் கடைசியில் கமிட்டிக்குத்தான் வந்து சேர்ந்தது என்று!

பாடம் சரி. சிக்னல்?

எங்கள் வீட்டுக் கூடத்தில் சிக்னல் பூஜ்யம். மாடியில் இரண்டு கோடு. சித்தகிரி படிக்கட்டில் பாதி ஏறினால் முழுக் கோடு. அசைன்மென்ட் கெடு முடிகிற ராத்திரிகளில் நான் முருகனிடம் போன காரணம் பக்தி மட்டுமல்ல. எதிரே சாமி கும்பிட்டு இறங்குகிறவர்கள், 'சின்ன வயசுலயே என்ன பக்தி!' என்று வியந்தார்கள். நான் மறுப்புச் சொல்லவில்லை. அமாவாசை அன்று மட்டும் படிக்கட்டும் கை விட்டுவிடும். மலையனூர் போகும் அத்தனை செல்போனும் ஒரே நேரத்தில் கூப்பிட்டால் சிக்னல் என்ன செய்யும், பாவம்! எனவே பஞ்சாங்கம் பார்த்து அசைன்மென்ட் முடிக்கிற ஒரே ஐ.ஐ.டி. மாணவன் நானாகத்தான் இருப்பேன்.

இதற்கிடையில் விஷயம் கல்யாணத் தரகர் காதுக்குப் போய்விட்டது. வயசு இருபத்தேழு, பி.காம்., தனியார் வேலை என்று மூன்று வருஷமாக விலை போகாமல் இருந்த என் ஜாதகத்துக்குத் திடீரென்று மவுசு. 'மாப்பிள்ளை ஐ.ஐ.டி.யில படிச்சினு இருக்காரு' என்று போளூர் வரைக்கும் சொல்லி விட்டார். பெண் வீட்டார் வந்தார்கள். பெண்ணின் மாமா ஒருவர் விவரம் தெரிந்தவர் போலிருக்கிறது.

"எந்த ஹாஸ்டல் தம்பி?"

"மொட்டை மாடிங்க."

காபி குடித்தார்கள். போனார்கள். அப்புறம் தகவல் இல்லை.

இதுவரை சொன்னது என் கதை. ஆம்பளைப் பையன் கதை. இதில் கஷ்டம் என்று சொன்னால் கொசுக்கடி ஒன்றுதான். ராத்திரி ஏழு மணிக்கு நான் லேப்டாப்பைத் தூக்கிக் கொண்டு மாடி ஏறினால் யாரும் எதுவும் கேட்பதில்லை. 'பையன் படிக்கிறான்' என்று டி.வி. சத்தத்தைக் குறைப்பார்கள். அம்மா டீ கொண்டு வந்து வைத்து விட்டுப் பூனை மாதிரி இறங்கிப் போவாள்.

எதிர்வீட்டில் ஒரு பெண். 2022-ல் பிளஸ் டூ முடித்தாள். நல்ல மார்க். காலேஜ் என்றால் தினமும் இரண்டு பஸ் மாற வேண்டும். அவள் அப்பா, 'பாக்கலாம்' என்றார். எங்கள் பக்கத்தில் 'பாக்கலாம்' என்றால் 'முடியாது' என்று அர்த்தம். ஒருநாள் தெருவில் என்னை நிறுத்தி, "அண்ணா, நீங்க படிக்கிறத நானும் படிக்கலாமா?" என்று கேட்டாள். விவரம் சொன்னேன். நான்கு வாரப் பாடம் படித்துத் தகுதித் தேர்விலும் தேறி விட்டாள்.

தேறிய பிறகுதான் தொல்லையே ஆரம்பம்.

"வீட்லதான இருக்க?" இந்த ஒரு வாக்கியம் போதும். வீட்லதான இருக்க, தண்ணி வந்தா புடி. வீட்லதான இருக்க, மாட்டுக்குத் தண்ணி காட்டு. கேஸ் வரும், வாங்கி வை. தம்பிக்குச் சோறு போடு. விதைக்கு மல்லாட்டை உரிச்சு வை. அவள் காலேஜுக்குப் போயிருந்தால் காலை எட்டிலிருந்து சாயங்காலம் ஐந்து வரை இதில் ஒரு வேலையும் அவள் தலையில் விழுந்திருக்காது. காலேஜ் பாடம் மட்டுமா சொல்லித் தருகிறது? ஒரு நாளில் ஏழெட்டு மணி நேரத்துக்கு 'இவளைத் தொந்தரவு செய்யாதே' என்று வேலி போட்டுத் தருகிறது. ஆன்லைன் படிப்பில் பாடம் வீடு தேடி வந்தது. வேலி வரவில்லை.

மாடியில் போய்ப் படிக்கலாமே என்பீர்கள். இருட்டினதும் வயசுப் பெண் மாடியில் தனியாக உட்கார்ந்து செல்போன் பார்த்தால் தெரு என்ன பேசும் என்று அவள் வீட்டுக்குத் தெரியும். சித்தகிரிப் படிக்கட்டு? பேச்சே வேண்டாம். பட்டனை அமுக்கினால் யாருக்கும் பாடம் ஓடும் என்கிறார்கள். எங்கள் தெருவின் இந்தப் பக்கம் ஒரு மாதிரியும் அந்தப் பக்கம் இன்னொரு மாதிரியும்தான் ஓடியது.

அவள் என்ன செய்தாள்? ஒரு காதில் மட்டும் இயர்ஃபோன் மாட்டிக் கொண்டு, மல்லாட்டை உரித்துக் கொண்டே ஸ்டாடிஸ்டிக்ஸ் கேட்டாள். இன்னொரு காது, அம்மா கூப்பிட்டால் கேட்பதற்கு! இப்படி எத்தனை நாள் ஓடும் என்று எனக்கே கவலைதான்.

முதல் 'க்விஸ்' வந்தது. இந்தப் படிப்பில் பாடம்தான் ஆன்லைன். பரீட்சைக்கு நேரில் போக வேண்டும். ஒரு டெர்முக்கு இரண்டு க்விஸ், ஒரு கடைசிப் பரீட்சை. குறித்த மையத்துக்குப் போய் அடையாள அட்டையைக் காட்டி, அவர்கள் கண் முன்னால் எழுதியாக வேண்டும். ஜெராக்ஸ் கடையில் ஹால் டிக்கெட் பிரின்ட் எடுத்தாள். போட்டோ, நம்பர், சென்னையில் ஒரு முகவரி. அவள் அம்மா அந்தக் காகிதத்தை வாங்கி மூன்று தடவை படித்தார். அதுவரை இது ஏதோ செல்போன் விளையாட்டு என்றுதான் நினைத்திருந்தார் போலிருக்கிறது. ஹால் டிக்கெட் என்று ஒன்று வந்தால் அது பரீட்சை. பரீட்சை என்றால் அது படிப்பு.

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்னால் கிளம்பினோம். அம்மாவும் மகளும் முன் சீட்டில், நான் நாலு சீட் தள்ளி (ஊர் மரியாதை). செஞ்சி தாண்டி, திண்டிவனத்தில் டீ, மத்தியானத்துக்குள் சென்னை. மையத்து வாசலில் திருவிழாக் கூட்டம். அம்மாக்கள், அப்பாக்கள், கைக்குழந்தையைப் புருஷனிடம் கொடுத்து விட்டு உள்ளே ஓடுகிற பெண், ஆபீஸ் ஐடி கார்டைக் கழற்றாமலே வந்துவிட்ட ஆள். நரைத்த தலையோடு ஒரு பெரியவர் மரத்தடியில் நின்றார்.

அக்கா அவரிடம் பேச்சுக் கொடுத்தார்: "பையனைக் கூட்டியாந்தீங்களா சார்?"

"இல்லம்மா. எனக்குத்தான் பரீட்சை."

பாங்க்கில் ரிட்டையர் ஆனவராம். சொல்லிவிட்டு, சட்டைப் பையில் பேனா இருக்கிறதா என்று பள்ளிக்கூடப் பையன் மாதிரி தொட்டுப் பார்த்துக் கொண்டு உள்ளே போனார்.

திரும்பி வரும்போது திண்டிவனம் வரை அக்கா பேசவே இல்லை. அப்புறம் என் பக்கம் திரும்பி, "இத்தினி பேரு படிக்கிறாங்களா தம்பி!" என்றார். அவ்வளவுதான்.

மறுநாளிலிருந்து அந்த வீட்டில் ராத்திரி ஏழிலிருந்து ஒன்பது வரை உள் அறை அவளுக்கு. கதவு சாத்தியிருக்கும். தண்ணி வந்தால் தம்பி பிடிக்கிறான் (மூஞ்சியைத் தூக்கி வைத்துக் கொண்டுதான்). யாராவது வந்து 'பொண்ணு எங்க?' என்று கேட்டால் அக்கா சொல்கிற பதிலை நானே என் காதால் கேட்டேன்:

"அவ காலேஜ்ல இருக்கா."

பத்தடி தள்ளி, கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள். ஆனாலும் காலேஜில்தான் இருக்கிறாள்!

இதைப் பெரிய பெரிய இடங்களிலும் கண்டுபிடித்துத்தான் இருக்கிறார்கள். 2011-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் செயற்கை நுண்ணறிவுப் பாடம் ஒன்றை இணையத்தில் இலவசமாகத் திறந்தபோது சுமார் 1,60,000 பேர் சேர்ந்தார்கள். கடைசி வரை வந்தவர்கள் அதில் கொஞ்சம் பேர்தான். அதற்குப் பிறகு வந்த இலவச ஆன்லைன் பாடங்கள் பெரும்பாலானவற்றிலும் இதே கதை. 2014-ல் ஜார்ஜியா டெக் முழு எம்.எஸ். பட்டத்தையே ஆன்லைனில் தர ஆரம்பித்தது. அங்கே ஒரு வேடிக்கை நடந்தது. 2016-ல் அசோக் கோயல் என்ற பேராசிரியர் தன் வகுப்பில் மாணவர்களின் சந்தேகங்களுக்குப் பதில் எழுத ஜில் வாட்சன் என்று ஒரு உதவி ஆசிரியையை வைத்தார். பதில்கள் டாண் டாண் என்று வந்தன. டெர்ம் முடிகிற சமயத்தில்தான் சொன்னார், அந்த அம்மாள் மனுஷியே அல்ல, ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் என்று! மாணவர்கள் வாயைப் பிளந்தார்கள்.

சந்தேகத்துக்குப் பதில் சொல்ல மெஷின் போதும். 'இன்னிக்குப் படிச்சியா?' என்று கேட்பதற்கும், கதவைச் சாத்தி வெளியே காவல் நிற்பதற்கும் இன்னும் ஒரு அக்கா தேவைப்படுகிறார்.

எங்களுக்கு வகுப்புத் தோழர்கள் உண்டா என்று ஆபீசில் அடிக்கடி கேட்பார்கள். உண்டு, பெயர்களாகவும் குரல்களாகவும். இரண்டு வருஷம் இப்படியே போன பிறகு, 2024 ஜனவரியில் பொங்கல் லீவில், எங்கள் செட்டில் பக்கத்து ஊர்க்காரர்கள் ஏழு பேர் செஞ்சிக் கோட்டையில் சந்திப்பது என்று முடிவாயிற்று. ஆற்காட்டிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை. விழுப்புரத்தில் மெடிக்கல் ஷாப் வைத்திருப்பவர். காலேஜில் இன்ஜினீயரிங், வீட்டில் இது என்று இரட்டைச் சவாரி செய்யும் இரண்டு பையன்கள். பரீட்சை மையத்து ரிட்டையர்டு பாங்க் பெரியவர். நான். எதிர்வீட்டுப் பெண், அம்மாவோடும் தம்பியோடும். அக்கா கையில் ஒரு தூக்கு நிறையப் புளிசோறு.

நேரில் பார்த்ததும் மெடிக்கல் ஷாப்காரர் வழக்கம் மாறாமல் தொண்டையைக் கனைத்து, "என் வாய்ஸ் கேக்குதா?" என்றார். ஐந்து நிமிஷம் சிரித்தோம்.

ராஜகிரி ஏறினோம். கல்யாண மகாலையும் களஞ்சியத்தையும் கீழே விட்டு, வாசல் வாசலாகக் கடந்து மேலே போகப் போக, கல் படிகள் முழங்காலை விசாரிக்கும். உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் பாறை இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. நடுவில் பாலம். பாலத்தை எடுத்து விட்டால் எவ்வளவு பெரிய சேனையும் இந்தப் பக்கமே நிற்க வேண்டியதுதான். 1690-ல் ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் முற்றுகை போட்டார். உள்ளே சிவாஜியின் மகன் ராஜாராம். கோட்டை விழுந்தது 1698-ல். அதற்குள் ராஜாராம் நழுவிவிட்டார். "எட்டு வருஷ அரியர்! ஆனாலும் விடாம எழுதி பாஸ் பண்ணிட்டாரு பாருங்க" என்றார் பாங்க் பெரியவர், மூச்சு வாங்கிக் கொண்டே.

உச்சியில் காற்று அள்ளியது. எதிரே கிருஷ்ணகிரி, அந்தப் பக்கம் சந்திரகிரி, மூன்றையும் சேர்த்து ஓடுகிற மதில். அக்கா பேசாமல் பார்த்துக் கொண்டு நின்றார். அவர் பிறந்து வளர்ந்தது எல்லாம் இந்தச் சுற்று வட்டாரம்தான். கோட்டை மேல் ஏறியது அன்றுதான் முதல் தடவை. எத்தனையோ தடவை இதன் அடிவாரத்தில் பஸ்ஸில் போயிருக்கிறாராம்.

புளிசோறு பரிமாறும்போது பெரியவரிடம் நேராகக் கேட்டார்: "இத்த முடிச்சா பொண்ணுக்கு வேலை கெடைக்குமா சார்?"

இந்தக் கேள்வியை நாங்கள் யாரும் ஒருவருக்கொருவர் கேட்டுக் கொண்டதில்லை. எல்லோரும் சோற்றைப் பார்த்தோம். பெரியவர் மழுப்பவில்லை. "கெடைக்கும்னு யாரும் எழுதித் தர மாட்டாங்கம்மா. கெடைச்சவங்களும் இருக்காங்க, தேடிக்கிட்டிருக்கிறவங்களும் இருக்காங்க. ஒண்ணு சொல்றேன். கூடையில போட்டுப் பேரம் பேசற சரக்கு இல்ல இது. அவ தலைக்குள்ள ஏறினது ஏறினதுதான். யாராலயும் இறக்க முடியாது" என்றார். அக்கா தலையாட்டினார். திருப்தியா, இல்லையா என்று தெரியவில்லை. பெரியவருக்கு இன்னொரு கரண்டி விழுந்தது.

ஆன்லைன் படிப்புக்கு விளம்பரங்கள் சொல்வது: 'வீட்டிலிருந்தே படியுங்கள்!' எங்கள் ஊர் அனுபவத்தில் ஒரு வரி சேர்த்துக் கொள்ளச் சொல்வேன்: வீட்டில் ஒரு இடம் கிடைத்தால். எல்லா வீட்டிலும் ஒரு அக்கா மனசு மாறுவார் என்று சொல்ல முடியாது. ஒரே அறை உள்ள வீட்டில் எந்தக் கதவைச் சாத்துவது? ஊருக்கு ஊர் நூலகம் இருக்கிறது. சாயங்காலம் ஒரு இரண்டு மணி நேரம் கூடுதலாகத் திறந்து, ஒரு மேஜை, ஒரு பிளக் பாயின்ட், இழுத்துப் போட்ட ஒரு இன்டர்நெட் லைன், பெண் பிள்ளைகள் பயமில்லாமல் வந்து போக வாசலில் ஒரு நல்ல விளக்கு. ஐ.ஐ.டி. அவலூர்பேட்டை வரைக்கும் வந்தாயிற்று. கடைசிப் பத்தடியை ஊர்தான் போட வேண்டும். நீங்கள் ஆபீஸ் முடிந்து போகிற ஊரிலும் இப்படி ஒரு பெண்ணோ பையனோ ஒரு காதில் இயர்ஃபோனோடு இருக்கலாம். கேட்டுப் பாருங்கள்.

நான் இரண்டு டிப்ளமோவும் முடித்து, டிகிரி கட்டத்தில் ஆபீஸ் லீவைக் கணக்குப் பார்த்துப் பார்த்து ஊர்ந்து கொண்டிருக்கிறேன். எனக்குப் பின்னால் சேர்ந்த எதிர்வீட்டுப் பெண் என்னைத் தாண்டிப் போய்விட்டாள். பி.எஸ்ஸி.க்கு அவளுக்கு இன்னும் இரண்டே டெர்ம்.

போன மாசம் அதே தரகர் எதிர்வீட்டுப் படியேறினார். நல்ல இடமாம். கொஞ்ச நேரத்திலேயே வெளியே வந்து நேராக என்னிடம் வந்தார்.

"இன்னா தம்பி, அந்தம்மா 'ரெண்டு டெர்ம் போவட்டும், அப்பறம் பேசலாம்'ங்குது. டெர்ம்னா இன்னா?"

"நாலு மாசம்ண்ணே."

விரலை மடக்கி எண்ணினார். எட்டு மாசம் வந்ததும் பெருமூச்சு விட்டார்.

"செரி, பாக்கலாம்" என்றார்.

"அண்ணே, எங்க ஊர்ல 'பாக்கலாம்'னா..."

"தெரியும் தெரியும்" என்று டி.வி.எஸ். ஃபிஃப்டியை உதைத்துக் கிளப்பினார்.